சி++ நீட்சியுடன் ஒரு பைதான் அறிவியல் நூலகம்: மூலநிரலிலிருந்து வெளியீடு வரை முழுமையான வழிகாட்டி

எண்கணிப்பு வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காக முக்கியமான வளையத்தை மட்டும் சி++ மொழியில் எழுதி, பைதானிலிருந்து அழைக்கிறோம். நீட்சி என்பது இந்த சி++ பகுதிதான். நம் கணினியில் நன்றாக ஓடுகிறது. அதே நூலகத்தை வேறொருவர் பைதானின் நிறுவல் கருவியான பிப் கொண்டு நிறுவப் போனால் திரை முழுக்கக் கம்பைலரின் பிழைச் செய்தி. இல்லையென்றால் நிறுவல் முடிந்து, இம்போர்ட் செய்யும் வரியில் ஏதோ ஒரு சிம்பல் (கம்பைல் செய்த நூலகத்தில் உள்ள செயல்கூற்றின் பெயர்) கிடைக்கவில்லை என்று நிற்கிறது. எல்லாவற்றிலும் கொடியது மூன்றாவது வகை: பிழை எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும். நம் நூலகத்தை நம்பி ஆய்வு முடிவு எழுதுகிறவரை அந்த நிலைக்குத் தள்ள நமக்கு உரிமை இல்லை.

தூய பைதான் நூலகம் என்பது எழுத்துக் கோப்புகள் மட்டுமே. எங்கே வைத்தாலும் ஓடும். கம்பைல் செய்த கோப்போ ஐந்து விஷயங்களை நம்பி நிற்கிறது: எந்தப் பைதான் பதிப்பு, எந்த நம்பை (பைதானின் எண் அணி நூலகம்), இயங்குதளத்தின் எந்த சி நூலகம், எந்த வகைப் பிராசஸர், உடன் இணைத்த வேறு நூலகங்கள் எவை. சும்மா விட்டால் இந்த ஐந்தும் நம் கணினியில் தற்செயலாக என்ன இருக்கிறதோ அதன்படியே முடிவாகிவிடும். அந்த முடிவுகளை நாமே எடுத்து, வெளிப்படையாக எழுதிவைத்து, நம்முடையதல்லாத கணினியில் சரிபார்ப்பதுதான் பேக்கேஜ் செய்யும் வேலை. பயன்படுத்துகிறவருக்குக் கம்பைலர் தேவைப்படவே கூடாது என்பது இந்த வழிகாட்டியின் இலக்கு.

உதாரணத்துக்கு அலைமானி என்றொரு சிறு நூலகத்தை வைத்துக்கொள்வோம். நம்பை அணியாக வரும் காலத்தொடர் தரவில் உச்சங்களைக் கண்டுபிடித்துத் தரும். வெளிமுகம் பைதான், தேடல் நடக்கும் உட்பகுதி சி++. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடவும்.

## படி 1: பில்ட் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

பழைய பாடங்களில் செட்டப்.பை என்ற கோப்பில் டிஸ்ட்யூட்டில்ஸைக் கொண்டு நீட்சியைக் கம்பைல் செய்யச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பாதை மூடிவிட்டது. 2023 அக்டோபரில் வந்த பைதான் 3.12 பதிப்பில் டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டது. ஃபோர்ட்ரானைக் கையாள அறிவியல் உலகம் நம்பியிருந்த நம்பை.டிஸ்ட்யூட்டில்ஸும் அதோடு போயிற்று. இப்போதைய முறை பெப் 517, பெப் 518 ஆகிய இரண்டு பைதான் தர ஆவணங்களின்மேல் நிற்கிறது: எந்த பில்ட் கருவி வேண்டும் என்பதை பைப்ராஜெக்ட்.டாமல் கோப்பில் அறிவிக்கிறோம். பிப் ஒரு தனிச் சூழலை உண்டாக்கி, அந்தக் கருவியை அங்கே இறக்கி, வேலையை அதனிடம் ஒப்படைக்கிறது.

கருவிகளில் நான்கைத்தான் கருத வேண்டும். ஃபோர்ட்ரானோ சைத்தானோ (பைதானைப் போல எழுதி சி நிரலாக மாற்றும் மொழி) கலந்திருந்தால், அல்லது புதிதாகத் தொடங்கினால், மீசான்-பைதான். அறிவியல் கணிப்பு நூலகமான சைபை 2022இல் 1.9 பதிப்பிலும், நம்பை 2023இல் 1.26 பதிப்பிலும் மீசானுக்கு மாறின. அறிவியல் நூலகங்களுக்கு வரும் சிக்கல்கள் எல்லாம் அங்கே முன்பே வந்து தீர்ந்திருக்கும் என்பதால் என் பரிந்துரை இதுவே. உங்கள் சி++ நிரல் ஏற்கெனவே சிமேக் என்ற பில்ட் கருவியில் தனி நூலகமாக வாழ்கிறது என்றால் சைகிட்-பில்ட்-கோர் எடுங்கள். ஓடுகிற சிமேக் கோப்புகளைக் கலைக்க வேண்டாம். ரஸ்ட் மொழிக்கு மேட்டுரின். ஒரே ஒரு சி கோப்பு, வெளிச்சார்பு எதுவும் இல்லை என்றால் செட்டப்டூல்ஸே போதும். அலைமானிக்கு மீசான்-பைதான்.

சி++ நிரலைப் பைதானோடு பிணைக்க பைபைண்ட்11 அல்லது நானோபைண்ட். பைதானின் சி இடைமுகத்தை நேரடியாக எழுதுவதைத் தவிருங்கள். ரெஃபரன்ஸ் எண்ணிக்கையைக் கையால் கூட்டிக் குறைப்பதில் ஓர் இடம் தவறினாலும் நினைவகம் கசியும். ஃபோர்ட்ரானுக்கு எஃப்2பை இருக்கிறது.

## படி 2: கோப்புறை அமைப்பு

திட்டத்தின் வேரில் பைப்ராஜெக்ட்.டாமல், மீசான்.பில்ட், உரிமக் கோப்பு, ரீட்மீ ஆகியவை இருக்கட்டும். பேக்கேஜ் கோப்புறையை வேரிலேயே வைக்காமல் எஸ்ஆர்சி என்ற கோப்புறைக்குள் வையுங்கள். சோதனைகளுக்கு டெஸ்ட்ஸ் என்று தனிக் கோப்புறை.

எஸ்ஆர்சி அடுக்கு அலங்காரத்துக்கு அல்ல. பைதான் இம்போர்ட் செய்யும்போது பெரும்பாலும் நாம் நிற்கும் கோப்புறையில்தான் முதலில் தேடும். பேக்கேஜ் வேரில் இருந்தால், நிறுவிய பிரதியை விட்டுவிட்டு மூலநிரல் கோப்புறையை எடுத்துக்கொள்ளும். அதில் கம்பைல் செய்த கோப்பு இருக்காது. இம்போர்ட் பிழை வரும். தலைகீழாகவும் நடக்கும்: வீலில் (கம்பைல் செய்து நிறுவத் தயாராக இருக்கும் பொதி) ஒரு பைதான் கோப்பு விடுபட்டிருக்கும், ஆனால் சோதனைகள் மூலநிரல் கோப்புறையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வெற்றி என்று சொல்லிவிடும்.

கம்பைல் செய்த தொகுதியின் பெயரை அடிக்கோட்டில் தொடங்குங்கள். பயனர் அதைத் தொடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. பொது இடைமுகம் பைதான் கோப்பில் இருக்கட்டும்: உள்ளீட்டின் வகை, பரிமாணம், நினைவகத்தில் அது தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதையெல்லாம் அங்கே சரிபார்த்த பிறகே சி++ பக்கம் அனுப்புங்கள். பைதானில் எறியும் பிழைச் செய்தி படிக்க முடிவது. சி++ பக்கம் எல்லை மீறினால் செக்மென்டேஷன் ஃபால்ட்தான்.

## படி 3: பைப்ராஜெக்ட்.டாமல்

இதில் இரண்டு பகுதிகள் கட்டாயம். பில்ட்-சிஸ்டம் பகுதியில் பில்டுக்குத் தேவையானவை: மீசான்-பைதான், பைபைண்ட்11. ப்ராஜெக்ட் பகுதியில் நூலகத்தின் பெயர், பதிப்பு, உரிமம், குறைந்தபட்சப் பைதான், ஓடும்போது தேவைப்படும் நூலகங்கள். இந்த இரண்டு சார்புப் பட்டியல்களும் வெவ்வேறு என்பதை மனத்தில் இருத்துங்கள். கம்பைல் செய்ய மட்டும் வேண்டிய பைபைண்ட்11 ஓட்ட நேரப் பட்டியலில் வரக் கூடாது. நம்பை ஓட்ட நேரப் பட்டியலில் கட்டாயம் வர வேண்டும்.

பைதான் பதிப்புக்குக் கீழ்வரம்பு மட்டும் போடுங்கள். மேல்வரம்பு போட்டால், புதிய பைதான் வைத்திருப்பவருக்கு பிப் சத்தமில்லாமல் உங்கள் நூலகத்தின் பழைய, வரம்பு இல்லாத பதிப்பைத் தேடி எடுத்து நிறுவும். அதற்கு வீல் இருக்காது. கம்பைலர் பிழை வரும். தடுக்க நினைத்ததையே வரவழைத்ததாக ஆகிவிடும். கீழ்வரம்பை எங்கே வைப்பது என்பதற்கு ஸ்பெக் 0 என்ற பொது உடன்பாடு உதவும்: வெளிவந்து 3 ஆண்டுகள் கடந்த பைதானையும், 2 ஆண்டுகள் கடந்த நம்பை போன்ற அடிப்படை நூலகப் பதிப்புகளையும் கைவிடலாம் என்கிறது அது.

பதிப்பு எண் ஒரே இடத்தில் இருக்கட்டும். மீசான்.பில்ட் கோப்பில் எழுதி, பைப்ராஜெக்ட்.டாமலில் பதிப்பை டைனமிக் என்று குறித்தால் மீசான்-பைதான் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

## படி 4: நம்பையின் பைனரி இடைமுகம்

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். நீட்சி நம்பையின் ஹெடர் கோப்புகளைச் சேர்த்துக் கம்பைல் ஆகும்போது, நம்பை அணியின் உள்ளமைப்பு எத்தனை பைட், எந்தப் புலம் எங்கே என்ற விவரம் கம்பைல் ஆன கோப்புக்குள் பதிந்துவிடுகிறது. ஓடும்போது இருக்கும் நம்பையில் அந்த அமைப்பு வேறாக இருந்தால், நீட்சி தப்பான இடத்தில் தப்பான எண்ணைப் படிக்கும். டிடைப்பின் அளவு மாறிவிட்டது, பைனரி பொருத்தம் இல்லாமல் இருக்கலாம் என்ற பிரபலமான பிழைச் செய்திக்குக் காரணம் இதுதான். செய்தி வந்தால் பிழைத்தோம். வராமலே ஓடினால்தான் ஆபத்து.

2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது இந்த அமைப்பு உண்மையாகவே மாறியது. அன்றிலிருந்து விதி இது: நம்பை 1 வரிசையை வைத்துக் கம்பைல் செய்த நீட்சி நம்பை 2இல் ஓடாது, நம்பை 2ஐ வைத்துக் கம்பைல் செய்தால் இரண்டிலும் ஓடும். ஆகவே பில்ட்-சிஸ்டம் பகுதியில் நம்பை 2.0 அல்லது அதற்குமேல் என்று எழுதுங்கள். ஓட்ட நேரப் பட்டியலில் நீங்கள் உண்மையில் சோதித்த மிகப் பழைய பதிப்பை எழுதுங்கள். ஒவ்வொரு பைதானுக்கும் கிடைக்கும் மிகப் பழைய நம்பையைத் தேடிப் பிடித்துக் கம்பைல் செய்யும் பழைய வழக்கம் இனி வேண்டாம், நம்பை 1.25இலிருந்தே ஹெடர்கள் இயல்பாகப் பின்னோக்கிய பொருத்தத்தோடுதான் வருகின்றன.

இதைவிட நல்ல வழி, இந்தப் பிணைப்பையே தவிர்ப்பது. பைபைண்ட்11 கம்பைல் நேரத்தில் நம்பையின் ஹெடர்களைக் கேட்பதில்லை. ஓடும்போதுதான் நம்பையைத் தேடிப் பேசுகிறது. நானோபைண்டும் சைத்தானின் மெமரிவியூவும் பஃபர் நெறிமுறை வழியாக அணியைப் பெறுகின்றன. அலைமானி பைபைண்ட்11ஐ மட்டும் பயன்படுத்துவதால், அதன் பில்ட் பட்டியலில் நம்பையே இல்லை. ஐந்து சார்புகளில் ஒன்று கழிந்தது.

## படி 5: மீசான்.பில்டும் கம்பைலர் ஆப்ஷன்களும்

மீசான்.பில்டில் எழுத வேண்டியது குறைவு: திட்டத்தின் பெயர், மொழி, சி++ தரம், பைதானைக் கண்டுபிடிக்கும் வரி, எக்ஸ்டென்ஷன்_மாட்யூல் அழைப்பு, பைதான் கோப்புகளுக்கு இன்ஸ்டால்_சோர்சஸ் அழைப்பு. நீட்சிக்கு இன்ஸ்டால் என்பதை உண்மை என்று குறிக்க மறந்தால் கம்பைல் ஆகும், வீலில் சேராது. புதிதாக ஒரு பைதான் கோப்பு சேர்த்தால் அதன் பெயரையும் இன்ஸ்டால்_சோர்சஸ் பட்டியலில் சேர்க்க வேண்டும். மீசான்-பைதான் இயல்பாகவே வெளியீட்டு வகை பில்ட் செய்வதால் உகப்பாக்கத்தைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

வேகத்துக்கு ஆசைப்பட்டு எல்லோரும் சேர்க்கும் இரண்டு ஆப்ஷன்களை வெளியிடும் நூலகத்தில் சேர்க்கக் கூடாது. முதலாவது மார்ச்-நேட்டிவ். பில்ட் செய்யும் கணினியின் பிராசஸருக்கு என்னென்ன கட்டளைகள் தெரியுமோ அத்தனையையும் அது பயன்படுத்தும். உங்கள் கணினியில் ஏவிஎக்ஸ்-512 இருந்து, பயனரின் கணினியில் இல்லாவிட்டால், முதல் அழைப்பிலேயே தெரியாத கட்டளை என்று பைதான் முழுவதும் செத்துவிழும். டிரை, எக்செப்ட் எதுவும் பிடிக்காது. எக்ஸ்86_64 என்ற குறிச்சொல் எஸ்எஸ்இ2 வரைதான் உறுதி தருகிறது. அதற்குமேல் வேண்டும் என்றால் ஒரே செயல்கூற்றைப் பல வடிவங்களில் கம்பைல் செய்து, ஓடும்போது பிராசஸரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்பை அப்படித்தான் செய்கிறது.

இரண்டாவது ஃபாஸ்ட்-மேத். இது உங்கள் நூலகத்தோடு நிற்காது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. ஐஇஇஇ இரட்டைத் துல்லியத்தில் 2.2×10⁻³⁰⁸ அளவுக்குக் கீழும் மிகச்சிறிய எண்களைக் குறிக்க இடம் உண்டு. அவை சப்நார்மல் எண்கள். ஜிசிசி கம்பைலரின் 13க்கு முந்தைய பதிப்புகளில் ஃபாஸ்ட்-மேத் போட்டு ஒரு பகிர்வு நூலகத்தை இணைத்தால், அது ஏற்றப்படும் கணத்திலேயே பிராசஸரின் பதிவேட்டை மாற்றி, சப்நார்மல்களைச் சுழியமாக்கச் சொல்லும் சிறு நிரலும் சேர்ந்துவிடும். அதாவது ஒருவர் உங்கள் நூலகத்தை இம்போர்ட் மட்டும் செய்தால் போதும். ஒரு செயல்கூற்றையும் அழைக்காமலே, அதே நிரலில் ஓடும் நம்பை, சைபை கணக்குகளின் விடை மாறக்கூடும். 2023இல் வந்த ஜிசிசி 13 பகிர்வு நூலகங்களுக்கு இதை நிறுத்திவிட்டது. ஆனால் இன்னொரு தீங்கு அப்படியே இருக்கிறது: எண் அல்ல என்பதைக் குறிக்கும் நேன் என்ற மதிப்பே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொள்வதால், விடுபட்ட தரவைக் கண்டறிய நீங்கள் எழுதிய நேன் சோதனையைக் கம்பைலர் எப்போதும் பொய் என்று மடக்கிவிடலாம். காலத்தொடர் தரவில் விடுபட்ட புள்ளி இல்லாத நாளே இல்லை. உண்மையில் வேண்டியது கூட்டலின் வரிசையை மாற்றும் அனுமதி மட்டும் என்றால், அந்த வளையத்தைக் கையால் நான்கு தனிக் கூட்டுத்தொகைகளாகப் பிரித்து எழுதுங்கள். வேகம் கிடைக்கும், பொருள் மாறாது.

## படி 6: அன்றாட வேலைக்கான நிறுவல்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் வீல் உண்டாக்கிக்கொண்டிருக்க முடியாது. பில்ட் தேவைகளை உங்கள் சூழலிலேயே நிறுவிவிட்டு, தனிச் சூழல் வேண்டாம் என்ற ஆப்ஷனோடு எடிட்டபிள் முறையில் பிப் இன்ஸ்டால் கொடுங்கள். அதன்பின் சி++ கோப்பை மாற்றினால், அடுத்த முறை இம்போர்ட் செய்யும்போது மீசான்-பைதான் மாறியதை மட்டும் தானே மீண்டும் கம்பைல் செய்யும். தனிச் சூழலோடு நிறுவினால் பில்ட் முடிந்ததும் அந்தச் சூழல் அழிந்துவிடும். மறு கம்பைல் நடக்கும்போது மீசான் பயன்படுத்தும் நிஞ்சா என்ற கருவி கிடைக்கவில்லை என்று நிற்கும்.

## படி 7: எஸ்டிஸ்ட்

எஸ்டிஸ்ட் என்பது மூலநிரல் பொதி. வீல் கிடைக்காத தளங்களில் இருப்பவர்களும், கோண்டா-ஃபோர்ஜ், லினக்ஸ் விநியோகங்கள் ஆகியவற்றுக்குப் பேக்கேஜ் செய்பவர்களும் பெரும்பாலும் இதைத்தான் எடுப்பார்கள். மீசான்-பைதான் கிட்டில் கமிட் செய்யப்பட்ட கோப்புகளை மட்டுமே இதில் வைக்கும். கமிட் செய்யாத கோப்பு உங்கள் வட்டில் இருந்தாலும் பொதியில் இராது.

பைதான் மைனஸ் எம் பில்ட் என்ற கட்டளையை வேறு ஆப்ஷன் எதுவும் இல்லாமல் கொடுங்கள். அது முதலில் எஸ்டிஸ்ட் செய்து, அந்த எஸ்டிஸ்டை விரித்து அதிலிருந்தே வீல் செய்யும். ஹெடர் கோப்பு ஒன்று விடுபட்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். வீல் மட்டும் போதும் என்று ஆப்ஷன் கொடுத்தால் இந்தச் சோதனை நடக்காது. வெளியிடும் நாளில் அப்படிச் செய்யாதீர்கள்.

## படி 8: வீலும் லினக்ஸும்

வீல் என்பது ஜிப் கோப்புதான். விரித்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அதன் பெயரில்தான் எல்லா உறுதிமொழிகளும் இருக்கின்றன. சிபி312-சிபி312-மேனிலினக்ஸ்_2_28_எக்ஸ்86_64 என்று முடியும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சிபி312 என்றால் சிபைதான் 3.12, இரண்டாவது அதன் பைனரி இடைமுகம், மூன்றாவது இயங்குதளமும் பிராசஸரும். பிப் இந்தப் பெயரைப் பார்த்தே பொருத்தத்தை முடிவு செய்கிறது. உள்ளே இருப்பதை ஆராய்வதில்லை. பெயர் சொல்வது உண்மையா என்பது முழுக்க நம் பொறுப்பு.

உங்கள் லினக்ஸில் உண்டாகும் வீலின் பெயர் லினக்ஸ்_எக்ஸ்86_64 என்றுதான் முடியும். பைதான் நூலகங்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐ அதை ஏற்காது. காரணம் ஜிலிப்சி என்ற சி நூலகம். அதன் ஒவ்வொரு செயல்கூற்றுக்கும் பதிப்பு எண் உண்டு. புதிய லினக்ஸில் இணைக்கும்போது அங்கே இருக்கும் புதிய பதிப்பின் பெயர் கோப்பில் பதிந்துவிடும். பழைய ஜிலிப்சி உள்ள கணினி அந்தப் பெயரை அறியாது. புதியது பழையதை ஏற்கும், பழையது புதியதை ஏற்காது. எனவே பழைய லினக்ஸில் கம்பைல் செய்வதே தீர்வு. இந்த எளிய யோசனையின் வடிவம்தான் மேனிலினக்ஸ் கொள்கலன்கள்: பழைய ஜிலிப்சி, ஆனால் புதிய கம்பைலர். மேனிலினக்ஸ்2014 என்பது சென்ட்ஓஎஸ் 7ஐயும் ஜிலிப்சி 2.17ஐயும் அடிப்படையாகக் கொண்டது. சென்ட்ஓஎஸ் 7இன் ஆயுள் 2024 ஜூன் 30இல் முடிந்துவிட்டது. அடுத்தது அல்மாலினக்ஸ் 8ஐ அடிப்படையாகக் கொண்ட மேனிலினக்ஸ்_2_28. புதிய நூலகத்துக்கு இதையே எடுங்கள். ஆல்பைன் போன்ற, ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் கொண்ட லினக்ஸ்களுக்கு மஸ்ல்லினக்ஸ் என்று தனிக் குறிச்சொல் உண்டு.

கொள்கலனில் உண்டான வீலை ஆடிட்வீல் கருவியிடம் கொடுங்கள். ஷோ கட்டளை எந்தெந்த வெளி நூலகங்கள், எந்தப் பதிப்புச் சிம்பல்கள் தேவை என்று காட்டும். ரிப்பேர் கட்டளை, இயங்குதளத்தில் இருக்கும் என்று நம்ப முடியாத நூலகங்களை வீலுக்குள் நகல் எடுத்து, அவற்றின் பெயரோடு ஒரு ஹேஷ் சேர்த்து மாற்றி, உங்கள் நீட்சி அந்த நகலையே தேடும்படி பாதையைத் திருத்தும். ஹேஷ் சேர்ப்பது ஏன்? இரண்டு பேக்கேஜ்கள் ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கொண்டுவந்தாலும் ஒரே நிரலுக்குள் மோதிக்கொள்ளாமல் இருக்க. ரிப்பேர் முடிந்த வீலை விரித்து, லிப்ஸ் என்று முடியும் கோப்புறையில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். நீங்கள் எதிர்பாராத நூலகம் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும்வரை வெளியிடாதீர்கள். உள்ளே சேர்ந்த ஒவ்வொரு நூலகத்தின் உரிமக் கோப்பும் வீலில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

## படி 9: மேக், விண்டோஸ், எல்லாவற்றையும் ஓட்டும் சிபில்ட்வீல்

மேக்கில் ஆடிட்வீலின் வேலையை டெலோகேட் செய்கிறது; விண்டோஸில் டெல்வீல். மேக்கில் கவனிக்க வேண்டியது டெப்ளாய்மென்ட் டார்கெட்: எந்தப் பழைய மேக்ஓஎஸ் வரை ஓட வேண்டும் என்பதை நீங்கள் சொல்லாவிட்டால், பைதானும் கம்பைலரும் சேர்ந்து ஏதோ ஒன்றை முடிவு செய்துவிடும்.

விண்டோஸில் இரண்டு பொறிகள். பைதான் 3.8இலிருந்து, நீட்சிக்கு வேண்டிய டிஎல்எல் கோப்புகளைப் பாத் மாறியில் உள்ள கோப்புறைகளில் பைதான் தேடுவதில்லை. உங்கள் கணினியில் பாதில் இருக்கிறதே என்ற வாதம் செல்லாது. வீலுக்குள் வர வேண்டும். இரண்டாவது நிரலிலேயே இருக்கிறது: 64 பிட் விண்டோஸில் சி மொழியின் லாங் வகை 32 பிட்தான், லினக்ஸிலும் மேக்கிலும் 64. அணியின் சுட்டெண்ணை லாங்கில் வைத்திருந்தால், சுமார் 214 கோடிக்குமேல் உறுப்புகள் உள்ள அணியில் எண் வழிந்து எதிர்மறையாகும். சிறிய சோதனைத் தரவில் இது தெரியவே தெரியாது. சுட்டெண்ணுக்கு பிடிஆர்டிஃப்_டி, தரவுக்கு இன்ட்64_டி என்று அளவு உறுதியான வகைகளையே எழுதுங்கள்.

இத்தனை தளங்களுக்கும், ஒவ்வொரு பைதான் பதிப்புக்கும் தனித்தனி வீல் வேண்டும். மூன்று இயங்குதளங்கள், இரண்டு பிராசஸர் வகைகள், நான்கு பைதான் பதிப்புகள் என்றாலே இருபத்துநான்கு ஆகிவிடும். கையால் செய்யும் வேலை அல்ல. சிபில்ட்வீல் இதற்கென்றே உள்ளது: தொடர் ஒருங்கிணைப்புச் சேவையில் அதை ஓட்டினால், ஒவ்வொரு பைதானையும் தானே இறக்கி, லினக்ஸுக்கு மேனிலினக்ஸ் கொள்கலனைத் திறந்து, பில்ட் செய்து, ஆடிட்வீல், டெலோகேட் ஆகியவற்றை ஓட்டி, இறுதியில் சோதனையும் செய்யும். டெல்வீலை மட்டும் விண்டோஸுக்கான ரிப்பேர் கட்டளையாக நீங்களே குறிப்பிட வேண்டியிருக்கலாம். அமைப்புகளை பைப்ராஜெக்ட்.டாமலிலேயே வைக்கலாம்.

வீல்களின் எண்ணிக்கையைக் குறைக்க ஒரு வழி, பைதானின் நிலையான பைனரி இடைமுகம். ஏபிஐ3 என்ற குறிச்சொல்லோடு ஒரே வீல் பல பைதான் பதிப்புகளில் ஓடும். பைபைண்ட்11 இதற்கு இடம் தருவதில்லை. நானோபைண்ட் பைதான் 3.12இலிருந்து தருகிறது. நூலகம் சிறியது, வெளியிடுபவர் ஒருவர்தான் என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே நானோபைண்டைத் தேர்ந்தெடுப்பது நியாயம்.

## படி 10: ஓப்பன்எம்பியும் பிளாஸும்

ஓப்பன்எம்பி என்பது வேலையை ஒரே நேரத்தில் ஓடும் பல திரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதி; பிளாஸ் என்பது அணிக் கணக்குகளுக்கான நூலகம். முடிந்தவரை இரண்டையும் தவிருங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஆப்பிளின் கிளாங் ஓப்பன்எம்பி ஓட்ட நூலகத்தோடு வருவதில்லை. நீங்கள் லிபோஎம்பியைச் சேர்த்து அனுப்பினால், அதே நிரலில் வேறொரு பேக்கேஜும் தன் நகலைக் கொண்டுவரும். ஒரே நிரலுக்குள் இரண்டு ஓப்பன்எம்பி ஓட்டங்கள் இருந்தால், நல்ல நாளில் திரெட்கள் அளவுக்கு மீறிப் பெருகி வேகம் குறையும். கெட்ட நாளில் நிரல் உறைந்தே போகும். சி++ தரத்திலேயே உள்ள திரெட்கள் பெரும்பாலான வேலைக்குப் போதும். நேர்கோட்டு இயற்கணிதம் வேண்டும் என்றால், உங்களுடைய ஓப்பன்பிளாஸ் நகலை இணைப்பதற்குப் பதில், சைபை ஏற்கெனவே கொண்டுவரும் பிளாஸ், லாபேக் செயல்கூறுகளை அதன் சைத்தான் இடைமுகம் வழியாக அழைக்கலாம். சிறிய அணிகள்தான் என்றால் ஹெடர் கோப்புகள் மட்டுமே கொண்ட ஐகென் போதும். அதில் இணைக்க ஒன்றுமே இல்லை.

## படி 11: சோதனை

சோதிக்க வேண்டியது வீலை, மூலநிரலை அல்ல. சிபில்ட்வீலில் சோதனைக் கட்டளையைக் குறித்துவிட்டால், ஒவ்வொரு வீலையும் புதிய சூழலில் நிறுவி, மூலநிரல் கோப்புறைக்கு வெளியே நின்று ஓட்டும். கீழ்வரம்பு நம்பையோடு ஒரு முறை, மிகப் புதிய நம்பையோடு ஒரு முறை ஓட்டுங்கள். கீழ்வரம்பில் ஓட்டிப் பார்க்காதவரை அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

எண்களை ஒப்பிடும்போது சமமா என்று கேட்காதீர்கள். எவ்வளவு நெருக்கம் என்று கேளுங்கள். ஆர்ம்64 பிராசஸரில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக, ஒரே ஒரு முழுமையாக்கலோடு செய்ய வசதி உண்டு. கம்பைலர் அதைத் தானே பயன்படுத்தும். அடிப்படை எக்ஸ்86_64இல் அது இல்லை. ஒரே நிரல், ஒரே தரவு, கடைசி இலக்கத்தில் வேறுபாடு வரும்; இரண்டும் சரியே. அலைமானியில் உச்சத்தின் உயரத்துக்குச் சார்புப் பிழை 10⁻¹² வரை அனுமதிக்கலாம். ஆனால் உச்சம் எந்தச் சுட்டெண்ணில் இருக்கிறது என்பது மிகச்சரியாகப் பொருந்த வேண்டும். இரண்டு உயரங்கள் கிட்டத்தட்ட சமமாக இருக்கும் தரவில் சுட்டெண் தளத்துக்குத் தளம் மாறினால், சோதனையைத் தளர்த்தாதீர்கள். சமநிலையில் எதை எடுப்பது என்ற விதியை நிரலில் திருத்துங்கள்.

வெற்று அணி, ஓர் உறுப்பு மட்டும் உள்ள அணி, முழுக்க நேன் ஆன அணி, தொடர்ச்சியற்ற வெட்டு, பைட் வரிசை மாறிய அணி ஆகியவற்றுக்கும் சோதனை எழுதுங்கள். ஒரு பில்டையாவது நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டுங்கள். எல்லை மீறிய வாசிப்பு சாதாரணச் சோதனையில் பெரும்பாலும் அமைதியாகக் கடந்துவிடும்.

## படி 12: வெளியீடு

முதலில் டெஸ்ட்பைபிஐயில் ஏற்றி, வேறொரு கணினியில் நிறுவிப் பாருங்கள். பைபிஐயில் ஒரு கோப்புப் பெயரை ஒரு முறைதான் பயன்படுத்தலாம்; அழித்தாலும் அதே பெயரில் மீண்டும் ஏற்ற முடியாது. தவறு இருந்தால் அடுத்த பதிப்பு எண்தான் வழி. ஒரு கோப்புக்கு இயல்பான வரம்பு 100 எம்பி, திட்டம் முழுவதற்கும் 10 ஜிபி. சோதனைத் தரவை வீலுக்குள் வைத்தால் இது சீக்கிரம் நிறையும்.

கடவுச்சொல்லையோ டோக்கனையோ எங்கும் சேமிக்க வேண்டியதில்லை. 2023இல் பைபிஐ டிரஸ்டட் பப்ளிஷிங் என்ற முறையைக் கொண்டுவந்தது: எந்தக் களஞ்சியத்தின் எந்தப் பணியோட்டம் வெளியிடலாம் என்று பைபிஐ தளத்தில் பதிந்துவிட்டால், ஒவ்வொரு வெளியீட்டின்போதும் குறுகிய ஆயுள் கொண்ட டோக்கன் தானே உண்டாகும். வெளியிடும் பணியைச் சோதனைப் பணியிலிருந்து பிரித்து, எல்லா வீல்களும் எஸ்டிஸ்டும் தயாரான பின்பே ஓடும்படி வையுங்கள். எஸ்டிஸ்ட் மட்டும் ஏறி, வீல்கள் வராத இடைவெளியில் நிறுவுகிறவர்கள் எல்லோரும் கம்பைலரைச் சந்திப்பார்கள்.

வெளியிட்ட பதிப்பு தப்பான விடை தருவது தெரியவந்தால், அழிக்காமல் யாங்க் செய்யுங்கள். யாங்க் செய்த பதிப்பைப் புதிதாக நிறுவுகிறவர்களுக்கு பிப் தராது. அதே எண்ணைத் துல்லியமாகக் குறித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும். ஒரு பழைய ஆய்வை மறுபடி ஓட்டிப் பார்க்க அந்தக் கோப்பு யாருக்காவது தேவைப்படலாம். எந்த உள்ளீட்டில், எந்தப் பதிப்புகளில், எவ்வளவு பிழை வந்தது என்பதை மாற்றப் பதிவேட்டில் முழுமையாக எழுதுங்கள்.

## வெளியீட்டுக்குப் பின்

ஒவ்வோர் அக்டோபரிலும் புதிய பைதான் வருகிறது. முதல் ரிலீஸ் கேண்டிடேட் வந்ததிலிருந்து பைனரி இடைமுகம் உறைந்துவிடும் என்பதால், அப்போதே அதற்கான வீலை உண்டாக்கி ஏற்றிவிடலாம். இறுதி வெளியீட்டு நாளில் நிறுவுகிறவருக்கு வீல் காத்திருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடும் உள்பூட்டை நீக்கிய பைதான் தனி வகை. 3.13இல் சோதனை முயற்சியாக வந்தது, 3.14இல் அதிகாரப்பூர்வ ஆதரவு பெற்றது. குறிச்சொல்லின் இறுதியில் டி சேரும்; அதற்குத் தனி வீல் வேண்டும். பூட்டு இல்லாமல் ஓடத் தயார் என்று நீட்சி அறிவிக்காவிட்டால், அதை இம்போர்ட் செய்த கணமே பைதான் ஓர் எச்சரிக்கையோடு பூட்டை மீண்டும் போட்டுவிடும். நிரல் முழுவதும் ஒற்றைத் திரெட்டின் வேகத்துக்குத் திரும்பும். அந்த அறிவிப்பு பைபைண்ட்11இல் ஒரே வரிதான். அதை எழுதும் முன், சி++ நிரலில் நிலையான மாறிகளும் பகிர்ந்த தற்காலிக நினைவகமும் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். பிறகு திரெட் சானிடைசரோடு பல திரெட்களிலிருந்து ஒரே நேரத்தில் அழைத்துப் பாருங்கள். அது சுத்தமாக முடிந்தால் அந்த வரியைச் சேர்த்து, டி குறிச்சொல் கொண்ட வீலையும் ஏற்றலாம்.